ஒத்தைப்படை வடகரைக்கு

ராசாங்கம் வீட்டுக்கா? பாலத்தைத் தாண்டி வலது கைப் பக்கம் திரும்பினீங்கன்னா தண்ணித் தொட்டி வரும். அதுக்கு எதுத்தாப்ல பச்சைக் கேட்டு. ஆனா இப்பவே போகாதீங்கண்ணே. அவரு வயல்லேருந்து வர இன்னும் நேரம் கிடக்கு. இந்த வெயில்ல பாலத்து மேல நடந்தா தலை கிறுகிறுன்னு வரும். உக்காருங்க. அந்த உர மூட்டை மேலயே உக்காரலாம், சாக்கு விரிச்சிருக்கேன், வேட்டியில ஒட்டாது.

பொண்ணு விஷயமாத்தானே? நான் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். டீக்கடைக்குப் போகாம, பெட்டிக்கடைக்குப் போகாம, உரக்கடையில வந்து ஒதுங்கி நின்னு ஒரு வீட்டைப் பத்தி மெதுவா விசாரிச்சா அது பொண்ணு விஷயந்தான். மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்? சித்தப்பாவா. திருமயத்துலேருந்தா. நல்லது. காலையில வந்த ரெண்டு பஸ்ஸுலயும் யாரும் இறங்கல. இதுல நீங்க இறங்கினீங்க.

பொண்ணு பேரு யோகலட்சுமி. யோகான்னு கூப்பிடுவாங்க. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. குடும்பத்தைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஒரு பொண்ணு வாழப் போற விஷயத்துல வெளியாளு வாயை வெக்கக் கூடாது. ஆனா நாளைக்கே வேற யாராவது சொல்லி, 'அந்த உரக்கடைக்காரன் எல்லாம் தெரிஞ்சும் சொல்லலையே'ன்னு நீங்க நினைச்சுடக் கூடாதில்ல. அதனால நடந்ததை நடந்தபடி சொல்றேன். முடிவு நீங்க எடுங்க.

இந்தப் பொண்ணாலதான் நாடு ரெண்டு பட்டுச்சு.

நாடுன்னா இந்தியா இல்லண்ணே. எங்க நாடு. கொன்றைநாடு. பதினாலு ஊரு சேர்ந்தது. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஏழு ஊரு, வடகரை. அந்தப் பக்கம் ஏழு, தென்கரை. ரெண்டுக்கும் ஒரே கோயில், ஒரே திருவிழா. ஒவ்வொரு கரைக்கும் ஒரு தலைவர் உண்டு, அம்பலம்னு சொல்லுவோம். நான் வடகரைக்குச் செயலாளர். செல்லக்கண்ணுன்னு கேட்டீங்கன்னா எந்த ஊர்லயும் சொல்லுவாங்க. கோயில்ல முதல் விபூதி வடகரை அம்பலத்துக்கு. அப்புறம்தான் தென்கரை அம்பலத்துக்கு. இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. அவங்களுக்கு அதுல வருத்தமே கிடையாது. ஒருநாளும் வருத்தம்னு எங்ககிட்ட சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்லன்னு வைங்க.

இந்தப் பொண்ணு காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல சும்மா இருந்த நேரத்துல, கொன்றைநாடு டாட்காம்னு ஒண்ணைத் தன் பேர்ல பதிவு பண்ணுச்சு. யாரும் பண்ணச் சொல்லல. பண்ணினப்ப யாருக்கும் தெரியவும் இல்ல. கோயில் படம் போட்டுச்சு. பதினாலு ஊரு பேரையும் போட்டுச்சு. பஸ்ஸு வர்ற நேரம், ரத்தம் குடுக்குறவங்க நம்பரு, ஆடு காணாமப் போனா அறிவிப்பு, இதெல்லாம் போட்டுச்சு. நானே ஒரு தடவை பொட்டாஷ் வந்திருக்குன்னு போடச் சொல்லி, அதுவும் போட்டுச்சு. அப்ப அது வெறும் டாட்காம். அதுக்குள்ள நாட்டோட மானம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அடுத்த திருவிழாவுக்கு மலேசியாவுலேருந்து ஒருத்தர் வந்தாரு. அவரோட பாட்டனார் நம்ம நாட்டுலேருந்து கப்பல் ஏறினவராம். நல்ல மனுசன். அன்னதானத்துல உக்காந்து எல்லாரோடயும் சாப்பிட்டாரு. சாயங்காலம் மைக்கைக் குடுத்தோம். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நெட்டுல தேடினேன். கொன்றைநாடு டாட்காம் கிடைச்சுது. அதைப் பாத்துத்தான் வழி கண்டுபிடிச்சு வந்தேன். கொன்றைநாட்டை வெச்சிருக்கிற தென்கரை மக்களுக்கு நன்றி'ன்னாரு.

வெச்சிருக்கிற. அந்த வார்த்தையைக் கவனிங்க. அந்தப் பொண்ணு வீட்டு விலாசம் தென்கரையில அரசணிப்பட்டின்னு இருந்திருக்கு, அதைப் பாத்து அவரு சொல்லிட்டாரு. தெரியாமச் சொன்னது. ஆனா மைக்குல சொன்னது. தென்கரை அம்பலம் ஆண்டியப்பன் மேடையில இருந்தாரு. தோள்ல கிடந்த துண்டை எடுத்து உதறி, திரும்பவும் தோள்ல போட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான் செஞ்சாரு. அந்தத் துண்டை உதறினது இருக்கே, அதை வடகரையால தாங்க முடியல.

கோயில் மண்டபத்துல நாட்டுக்கூட்டம் போட்டோம். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டோம். வந்து நின்னுச்சு. எங்க அம்பலம் கேட்டாரு, 'நாட்டுச் சொத்தைக் கொண்டாந்து சாமி முன்னாடி வையி.'

'எதைக் கொண்டாரணும்யா?'

'அந்த டாட்காமை.'

'அது பொருள் இல்லீங்கய்யா. ஒரு பேரு.'

'பேரு இப்ப எங்க இருக்கு?'

'பதிவு பண்ணின கம்பெனியில. அமெரிக்காவுல.'

சாமி நகையை டவுன் பேங்க்கு லாக்கர்ல வெக்கலாம்னதுக்கே ஒத்துக்காத நாடுண்ணே இது. நாட்டுப் பேரைக் கொண்டுபோயி அமெரிக்காவுல வெச்சிருக்கு. ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில அந்தப் பொண்ணே வீட்டுக்குப் போயி லேப்டாப்பை எடுத்துட்டு வந்துச்சு. சாமி முன்னாடி வெச்சோம். பூசாரி சந்தனம் பூசி, தேங்கா உடைச்சு, சூடம் காட்டினாரு. காட்டினதுல ஓரத்துல கொஞ்சம் உருகிடுச்சு. அது விபத்து, யாரும் வேணும்னு செய்யல.

அப்பத்தான் எல்லாரும் முதல் தடவையா அந்தப் பக்கத்தை உத்துப் பாத்தோம். பதினாலு ஊரு பேரு வரிசையா இருக்கு. முதல் ஊரு எது? அரசணிப்பட்டி. தென்கரை. எங்க ஊரு வையாவூரணி எங்க? கடைசியில. கேட்டா, 'அகர வரிசைங்கய்யா'ங்குது. அகர வரிசை. அ-வுல ஆரம்பிக்கிற ஊரு அவங்க கையில இருக்கு, அப்ப அகர வரிசை யாருக்குச் சாதகம்? நீங்களே சொல்லுங்க.

நாங்க சட்டப்படி போனோம். எங்க ஊரு பேரு இனிமே 'அருள்மிகு வையாவூரணி'ன்னு தீர்மானம் போட்டு அனுப்பினோம். அந்தப் பொண்ணு, 'அர முன்னாடி, அரு பின்னாடி, அப்பவும் அரசணிப்பட்டிதான் முதல்ல வரும்'னு சொல்லி அனுப்புச்சு. சரின்னு 'அகில உலக வையாவூரணி'ன்னு மாத்தினோம். தென்கரைக்காரங்க விட்டாங்களா? அவங்க ஊருக்கு இனிஷியல் போட்டாங்க. அ.அரசணிப்பட்டி. எங்கயாவது ஊருக்கு இனிஷியல் கேள்விப்பட்டிருக்கீங்களா? ரெண்டு தீர்மானத்தையும் வாங்கிப் படிச்சுட்டு, அந்தப் பொண்ணு நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு மண்டபத்துப் படியில உக்காந்துடுச்சு. பெரியவங்க நிக்கிறப்ப அப்பிடி உக்காரலாமா? மத்தபடி நல்ல பொண்ணு. இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயந்தான்.

அப்புறம் அதுவே எழுந்து சொல்லுச்சு. 'எனக்கு இது வேண்டாம்யா. யாருக்குன்னு ஒரு பேரைச் சொல்லுங்க, ஒரு ஈமெயில் சொல்லுங்க, இப்பவே மாத்திக் குடுத்துடுறேன்'னு.

ஒரு பேரு. அங்கதான் மாட்டிக்கிச்சு. எங்க அம்பலம் பேருன்னா அவங்க ஒத்துக்கல. அவங்க அம்பலம் பேருன்னா நாங்க எப்பிடி ஒத்துக்குறது? ரெண்டு பேருக்குமே ஈமெயில் கிடையாது, அது வேற. சாமி பேர்லயே எழுதிடலாம்னு பூசாரி சொன்னாரு. நல்ல யோசனைன்னு ரெண்டு கரையும் தலையாட்டுச்சு. சாமிக்கு ஈமெயில் ஆரம்பிச்சா பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்னு தென்கரையில ஒருத்தன் கேட்டான். முதல் விபூதி யாருக்கோ அவங்ககிட்டன்னு நான் சொன்னேன். தப்பா? நியாயமாத்தான் சொன்னேன். அன்னிக்கு மண்டபத்துல இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில பாதி திரும்பி வரல.

மறுவாரம் நானே நேர்ல போனேன், ராசாங்கம் வீட்டுக்கு. சமாதானமாப் பேசி முடிச்சுடலாம்னு. அந்த வீட்டுல போயிப் பேச எனக்கு உரிமை உண்டு. அது எங்க அக்கா வீடு.

ஆமாண்ணே. ராசாங்கம் எனக்கு மச்சான். யோகா எங்க அக்கா மக. நான் தாய்மாமன். முதல்லயே சொல்லியிருக்கலாந்தான். நீங்க வீடு எதுன்னுதானே கேட்டீங்க, எனக்கு என்ன உறவுன்னு கேக்கலையே. எனக்கு ரெண்டும் பொண்ணாப் போச்சு. ஒரு பையன் இருந்திருந்தா நீங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கவே வேண்டாம்.

அக்கா கோழி அடிச்சுக் குழம்பு வெச்சிருந்தா. இலை போட்டாங்க. உக்காந்தேன். மச்சான் எதுத்தாப்ல உக்காந்தாரு. யோகா பரிமாறிக்கிட்டே சொன்னா, 'மாமா, உங்க பேர்லயே மாத்திடுறேன். நீங்க ரெண்டு கரைக்கும் சொந்தம்தானே. இதோட விட்டுடலாம்'னு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஈமெயில்கூட எம் பொண்ணு ஆரம்பிச்சுக் குடுத்திருந்தா. மச்சான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, 'வடகரையான் பேருக்கா?'ன்னாரு.

வடகரையான். பொண்ணு எடுத்த வீட்டைப் பாத்து. எனக்கு எப்பிடி இருக்கும்? 'தென்கரைக்குப் பொண்ணு குடுத்ததே தப்பு'ன்னுட்டேன். அக்கா கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தா. நான் அவளைச் சொல்லல. பொதுவா நாட்டு நிலைமையைச் சொன்னேன். இலையை மூடிட்டு எழுந்துட்டேன். அக்கா பாலம் வரைக்கும் பின்னாடியே வந்தா. 'தம்பி, தம்பி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தா. நான் திரும்பிப் பாக்கல. பாலத்துல ரெண்டு கரை ஆளும் நின்னுக்கிட்டிருந்தாங்க. திரும்பிப் பாத்திருந்தா வடகரைக்கு என்ன மரியாதை?

அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகல. ரெண்டு பொங்கல் போயிடுச்சு. சீர் குடுக்காம இருக்க முடியுமா? அரிசி, வெல்லம், கரும்பு, சேலை எல்லாத்தையும் பஸ்ஸுல ஏத்தி கண்டக்டர்கிட்ட குடுத்து, தண்ணித் தொட்டிகிட்ட இறக்கிடச் சொன்னேன். பஸ்ஸு ரெண்டு கரைக்கும் பொது.

விஷயம் தாலுகா ஆபீஸுக்குப் போச்சு. தாசில்தாரம்மா அமைதிப் பேச்சுவார்த்தை வெச்சாங்க. தங்கமான அம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'இது எந்தச் சர்வே நம்பர்ல வருது?'ன்னாங்க. சர்வே நம்பர் இல்லைங்கம்மான்னோம். 'பதிவு பண்ணினதுங்கிறீங்க, சர்வே நம்பர் இல்லைங்கிறீங்க'ன்னு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம் அவங்க கிளார்க்கு ஒரு யோசனை சொன்னாரு. இங்கிலீஷ்ல நடுவுல ஒரு 'டி' சேத்து எழுதினா அது தனி டாட்காம் ஆயிடும், ஆளுக்கு ஒண்ணா வெச்சுக்கலாம்னு. ரெண்டு கரையும் எழுந்துட்டோம். கோயிலுக்குப் பக்கத்துல இன்னொரு கோயில் கட்டி, நீங்க இதைக் கும்பிட்டுக்கங்கன்னு சொல்ற மாதிரி இல்ல இருக்கு.

கடைசியில அந்தம்மா உத்தரவு போட்டாங்க. ஒத்தைப்படைத் தேதி வடகரைக்கு. அன்னிக்கு எங்க ஊருங்க மேல, எங்க அம்பலம் படம் மேல. ரெட்டைப்படைத் தேதி தென்கரைக்கு. ஒத்தைப்படையை நாங்கதான் கேட்டு வாங்கினோம். ஒண்ணுதானே முதல்ல வரும். தினமும் காலையில ஆறு மணிக்கு யோகா மாத்தணும். மாத்துறாளான்னு பாக்க ஸ்டேஷன்லேருந்து ஒரு ஏட்டையா போகணும். அவரும் தினம் போனாரு. எங்க அக்கா கையால அவருக்கு தினமும் காபி. பாலத்து வழியாத் திரும்பி வர்றப்ப, 'உங்க அக்கா காபி அருமைய்யா'ன்னு என் கடையில நின்னு சொல்லிட்டுப் போவாரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் முப்பத்தொண்ணாந்தேதி வந்துச்சு.

புரியுதா? முப்பத்தொண்ணு ஒத்தைப்படை. எங்களுக்கு. மறுநாள் ஒண்ணாந்தேதி. அதுவும் ஒத்தைப்படை. அதுவும் எங்களுக்கு. நாங்க திட்டம் போட்டுச் செய்யல, காலண்டர் அப்பிடி. தென்கரைக்காரங்க உக்காந்து கணக்குப் போட்டுட்டாங்க. வருஷத்துக்கு ஏழு நாள் வடகரை கொள்ளையடிக்குதுன்னு பாலம் பூரா போஸ்டர். முப்பது நாள்ல முடியுற மாசத்தை மட்டும் ஒத்துக்குவோம்னு ஒரு கோரிக்கை. மறுபடி பேச்சுவார்த்தை. தாசில்தாரம்மா பாவம், சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைக் கழட்டி மேசை மேல வெச்சுக்கிட்டுத்தான் பேசினாங்க. முடிவு என்னன்னா, முப்பத்தொண்ணாந்தேதி யாருக்கும் கிடையாது. யாரு படமும் வரக் கூடாது, எந்த ஊரும் மேல கீழ வரக் கூடாது.

அந்த நாளுக்கு யோகா என்ன போட்டா? பழையபடி பஸ் நேரம், ரத்தம் குடுக்குறவங்க நம்பரு, ஆடு காணோம். உருப்படியா ஒண்ணும் கிடையாது. ஆனா அன்னிக்குத்தான் ஜனங்க அதிகமாப் பாக்குறாங்கன்னு ஏட்டையா சொன்னாரு. ஜனங்களுக்கு என்ன தெரியும்? நான்கூட ஒரு முப்பத்தொண்ணாந்தேதி காரைக்குடி பஸ்ஸுக்கு நேரம் பாத்தேன். அவசரத்துக்குத்தான்.

இப்பிடி இருக்கையில யோகா ஒருநாள் தானாவே தாலுகா ஆபீஸுக்கு வந்தா. ரெண்டு கரைக்காரங்களும் அங்கதான் இருந்தோம். அப்பல்லாம் வாரத்துல பாதி நாள் அங்கதான் இருப்போம். 'இந்தப் பேரை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கெடு முடியப் போகுது. நானே பண்ணிடவா?'ன்னு கேட்டா.

எங்க ஆளுங்க உஷாராயிட்டாங்க. புதுப்பிக்கிறவங்க யாரோ அவங்கதானே சொந்தக்காரங்கன்னு ஆயிடும்? தென்கரைப் பொண்ணு பண்ணக் கூடாதுன்னோம். அப்ப வடகரையும் பண்ணக் கூடாதுன்னாங்க அவங்க. தாசில்தாரம்மா ரெண்டு பக்கமும் பாத்துட்டு, 'பழைய நிலையே நீடிக்கணும், யாரும் தொடக் கூடாது'ன்னு எழுதிட்டாங்க.

யோகா சொன்னா, 'தொடாம விட்டா போயிடும் மேடம்.'

'தொட்டா உத்தரவை மீறினதாயிடும்மா.'

அவ என்னைப் பாத்தா. நான் ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கு ரெண்டு கரையும் சேர்ந்து கை தட்டினோம்ணே. இத்தனை நாள்ல ரெண்டு கரையும் ஒத்துக்கிட்டது அந்த ஒரு விஷயந்தான்.

ஒருநாள் காலையில ஏட்டையா காபியைக் குடிச்சுட்டுப் பாத்தா, கொன்றைநாடு டாட்காம்ல நாடும் இல்ல, கோயிலும் இல்ல. வரிசையா வழுக்கைத் தலை. ஒவ்வொரு தலைக்கும் பக்கத்துல அதே ஆளு தலையில முடியோட சிரிக்கிறான். எழுத்தெல்லாம் ஏதோ ஒரு பாஷை. எந்த நாட்டுக்காரன்னே தெரியல, எவனோ பேரை எடுத்துக்கிட்டு முடி முளைக்கிற மருந்து விக்கிறான். அன்னிக்கு ஒத்தைப்படை. எங்க நாளை வேணும்னே கெடுத்துட்டாங்கன்னு தென்கரை மேல புகார் குடுத்தோம். மறுநாள் ரெட்டைப்படை. அன்னிக்கும் அதே வழுக்கை. அவங்க எங்க மேல குடுத்தாங்க. மூணாம் நாளும் அதே வழுக்கைதான். அப்பத்தான் தெரிஞ்சுது, இவன் ஒத்தை ரெட்டை பாக்காதவன்னு.

அதுலயும் ஒண்ணு கவனிச்சேன். மேல முதல்ல இருக்கிற வழுக்கை அச்சு அசல் தென்கரை அம்பலம் ஆண்டியப்பன் மாதிரியே இருக்கான். அதுலயும் அவங்களுக்குத்தான் முதல் இடம். மனு எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் நாடே சேர்ந்து போராடுற நேரத்துல வேண்டாம்னு எங்க அம்பலம் சொல்லிட்டாரு.

ஏன்னா அப்ப நாடு ஒண்ணாச்சுண்ணே. பேரு போனதுக்கப்புறம்தான் ஒண்ணாச்சு. இந்தப் பாலத்துல சாலை மறியல். பதினாலு ஊரும் வந்து உக்காந்துச்சு. 'மீட்டுக் கொடு, மீட்டுக் கொடு, டாட்காமை மீட்டுக் கொடு'ன்னு கோஷம். எனக்குக் கிடைச்ச இடம் மச்சானுக்குப் பக்கத்துல. தள்ளி உக்கார இடம் இல்ல. வெயில்னா வெயில், தார் கொதிக்குது. நான் துண்டு கொண்டு வரல. மச்சான் தன் தலையில போட்டிருந்த துண்டுல பாதியை இழுத்து என் தலை மேல போட்டாரு. பேசல. நானும் பேசல. துண்டு போடுறது பேச்சுல சேராதில்ல.

மறியல்ல ஒரு பஸ்ஸு மாட்டிக்கிச்சு. அதுலேருந்து வெள்ளையும் சொள்ளையுமா நாலஞ்சு பேரு இறங்கி வந்தாங்க. தட்டு, பழம், பூவெல்லாம் கையில இருந்துச்சு. அதுல ஒரு அம்மா என்கிட்ட, 'என்ன தம்பி பிரச்சனை?'ன்னு கேட்டாங்க. கேட்டாங்க, சொன்னேன். எல்லாம் ராசாங்கம்னு ஒருத்தர் மக பண்ணின வேலை, அந்தப் பொண்ணாலதான் நாடே நடு ரோட்டுல உக்காந்திருக்குன்னு சொன்னேன். அவங்க ராசாங்கம் வீட்டுக்குத்தான் பொண்ணு பாக்க வந்தவங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பொன்னமராவதிக்காரங்களாம். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. தட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பஸ்ஸுல ஏறி உக்காந்தாங்க. டிரைவர் வண்டியைத் திருப்பினாரு.

மச்சான் பக்கத்துலயேதான் இருந்தாரு. நான் சொன்னது அவரு காதுல விழாம இருக்காது. துண்டை மட்டும் எடுத்துக்கிட்டாரு.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? வர்றவங்க முன்னாடியே சொல்லிட்டு வரணும்ல. தாய்மாமனுக்கே சொல்லாமப் பொண்ணு பாக்க ஏற்பாடு பண்ணினா இப்பிடித்தான் ஆகும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.

அவ்வளவுதாண்ணே நடந்தது. பேரு இன்னும் வழுக்கைக்காரன்கிட்டதான் இருக்கு. ஏட்டையா இன்னும் தினமும் போறாரு, உத்தரவு ரத்தாகலையே. யோகா இப்ப டவுன்ல கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பாக்குறா. பஸ் நேரத்தை மட்டும் வேற ஏதோ பேர்ல போடுறாளாம். அதுல நாடும் கிடையாது, கரையும் கிடையாது. யார் நடத்துறதுன்னும் போடல. என் போன்லயும் இருக்கு. உங்க பஸ்ஸு எப்ப வரும்னு அதுலதான் பாத்தேன்.

இல்ல, எல்லா பஸ்ஸும்தான் பாப்பேன். உரம் வர்ற பஸ்ஸு.

வெள்ளை வேட்டியா? சும்மா கட்டினேன். உரக்கடைக்காரன் வெள்ளை வேட்டி கட்டக் கூடாதா?

எந்திரிச்சுட்டீங்களா? எங்க அந்தப் பக்கம் போறீங்க? அது திருமயம் பஸ்ஸு நிக்கிற இடம். வீடு இந்தப் பக்கம்ணே. அண்ணே. கொஞ்சம் நில்லுங்க. நான் என்ன தப்பாச் சொன்னேன்? பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருக்கேனா? நாட்டு விஷயத்தைத்தான் சொன்னேன்.

இங்க பாருங்க. அந்தப் பொண்ணு தினமும் ஆறு மணிக்கு எழுந்து, நாங்க சொன்ன படத்தைப் போட்டு, அவங்க சொன்ன படத்தைப் போட்டு, ஒருநாள் மூஞ்சி சுளிச்சதில்ல. எங்க அம்பலம் படத்துல மீசை சரியா விழலன்னு நான் சொல்லி அனுப்பினேன். அதையும் சரி பண்ணிப் போட்டா. அவ அப்பனோட சண்டை போட்டுட்டு இலையை மூடினவன் சொன்னதை அவ எதுக்குக் கேக்கணும்? கேட்டா. எனக்கு மஞ்சக்காமாலை வந்து டவுன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப தினமும் சென்டர் முடிஞ்சு வந்து, வெளியில பெஞ்சுல உக்காந்திருந்துட்டுப் போவாளாம். உள்ள வரல. வந்தா நாட்டுக்குள்ள பேச்சு வரும், மாமாவுக்குச் சங்கடம்னு எம் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. எனக்கு டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம்தான் தெரியும். தெரிஞ்சும் நான் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. என்ன பண்றதுன்னு தெரியல. அந்த மாதிரி ஒரு பொண்ணு உங்களுக்கு எந்தத் திருமயத்துல கிடைக்கும்? நீங்க பஸ் ஏறினீங்கன்னா நஷ்டம் உங்களுக்குத்தான், சொல்லிட்டேன்.

என்னது?

பழம் வாங்கவா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பழக்கடை பாத்தீங்களா. அப்பிடிச் சொல்லுங்கண்ணே. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, ஒரு மனுசனை இப்பிடியா பதற வைக்கிறது.

அவன்கிட்ட வாங்காதீங்க, எல்லாம் வெம்பினது. என் கடையிலயே ஒரு சீப்பு இருக்கு, காலையில தோட்டத்துலேருந்து வந்தது. எடுத்துக்கங்க. இருங்க, ஷட்டரை இறக்கிட்டு நானும் வர்றேன். உங்களுக்கு வழி தெரியாது. தண்ணித் தொட்டிகிட்ட நாய் வேற இருக்கு. தாய்மாமன் இல்லாம அந்த வீட்டுல பேச்சை ஆரம்பிக்கவும் கூடாது, அது முறை இல்ல. அதுக்காகத்தான் வர்றேன், வேற ஒண்ணும் இல்ல.

பாத்து வாங்க, பாலத்துல கைப்பிடி ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. ரெண்டு கரையும் சேர்ந்து கட்டணும், யாரு பேரு போடுறதுன்னு பேசிக்கிட்டிருக்கோம். இப்ப அங்க போயி, உங்க தம்பி இவ்வளவு நேரம் உக்கார வெச்சு என்னென்னமோ சொன்னாருன்னு சொல்லிடாதீங்க. பொண்ணு எப்பிடின்னு கேட்டேன், நல்ல பொண்ணுன்னாரு, அதோட நிறுத்திக்கிட்டாருன்னு சொல்லுங்க.

அந்தா, பச்சைக் கேட்டு. திறந்துதான் இருக்கு. சைக்கிள் நிக்குது, மச்சானும் வந்துட்டாரு போல. உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது, அது எங்க அக்காதான். எப்பவும் சத்தமாத்தான் பேசுவா.

போங்கண்ணே. ஏன் நிக்கிறீங்க? இல்ல இல்ல, நான் எப்பிடி... நீங்க விருந்தாளி. நீங்க முதல்ல போங்க. யாரு வந்திருக்கான்னு கேட்டா, பின்னாடி ஒரு ஆளு நிக்கிறாருன்னு மட்டும் சொல்லுங்க.

இல்லண்ணே, நீங்கதான் முதல்ல. நான் அப்புறம்.